கச்சேரி மட்டுமே கேக்கிற பெரியப்பாவுக்கு ரஹ்மானை எந்தப் பாட்டில தொடங்கிக் காட்டலாம்?

குளத்தடி:

எல்லாருக்கும் வணக்கம், ஒரு உதவி வேணும். என்ர பெரியப்பாவுக்கு 72 வயசு, முள்ளியவளையில எங்களோடதான் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில சங்கீத ஆசிரியரா இருந்து பென்சன் எடுத்தவர். வட இலங்கை சங்கீத சபைச் சோதினையெல்லாம் வயலினில பாஸ் பண்ணி, பிறகு ஊர்ப்பிள்ளையள் கனபேரை அதே சோதினைக்கு ஆயத்தப்படுத்தினவர். 2009 யுத்த இடப்பெயர்வில வயலின் போயிற்று, அதுக்குப் பிறகு வாசிக்கிறதில்லை, கேக்கிறது மட்டும்தான். முந்தி திருச்சி வானொலியில கச்சேரி போகேக்க வீட்டில ஒருத்தரும் கதைக்கக் கூடாது, இப்ப போனில லால்குடி ஜெயராமனின்ர வயலின், எம்.டி.ராமநாதனின்ர பாட்டு, பிறகு எங்கட தெட்சணாமூர்த்தியின்ர தவில். ஒரே ஆலாபனையை ஒரு பின்னேரத்தில நாலு தரம் கேப்பார்.

ரஹ்மான் எண்டால் கதிரையால எழும்பிப் போயிடுவார். அவருக்குத் தெரிஞ்ச ரஹ்மான், கல்யாண மண்டபத்தில காது அடைக்கப் போடுற முக்காபுலா மட்டும்தான். "அது மெசின் வாசிக்கிறது, மனிசர் வாசிக்கிறதில்லை" எண்டு சொல்லுவார்.

எனக்கு ரஹ்மான் வேற. 90களில வன்னியில கரண்டும் இல்லை பற்றரியும் இல்லை, சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தித்தான் கசற் கேட்டனாங்கள். அண்ணை கேப்பார் நான் பெடலைச் சுத்துவன், கை நோக வேகம் குறையும், குறைய பாட்டும் இழுபடும், அண்ணை ஏசுவார். அப்பிடிக் கேட்ட பாட்டுகளை 2011 இலதான் முதல் தரம் நல்ல ஹெட்போனில கேட்டன், கேட்டிட்டு அப்பிடியே இருந்திட்டன். நான் சின்ன வயசில கேட்டது பாட்டின்ர எலும்பு மட்டும்தான், அதுக்குள்ள இவ்வளவு குரல், இவ்வளவு வாத்தியம், எங்கயோ தூரத்தில ஒரு குழல் எல்லாம் இருந்திருக்கு. அண்டையில இருந்து எனக்கு ஒரே ஆசை, இதைப் பெரியப்பா ஒருக்கா ஒழுங்காக் கேக்கவேணும். எனக்குச் சங்கீதம் எண்டால் என்னெண்டு காட்டினதே அவர்தான், அவருக்கு நான் இதைக் காட்டாமல் விட்டால் ஏதோ குறை மாதிரி இருக்கு.

வாற கிழமை கண்புரை ஒபரேசனுக்கு அவரைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போறம். ஒட்டுசுட்டானால போய் மாங்குளத்தில ஏ9 ஏறி வவுனியா, அனுராதபுரம், புத்தளம். ஏழெட்டு மணித்தியாலம் வானுக்குள்ள இருப்பார், எழும்பிப் போக ஏலாது. ஒரு பென்ட்ரைவ் கொண்டு போவன். எதில தொடங்கிறது, என்ன ஒழுங்கில போடுறது, எதைப் போடவே கூடாது, சொல்லுங்கோ.


வவுனிக்குளம்:

அண்ணை யோசிக்கத் தேவையே இல்லை, ராகத்தால போங்கோ. சங்கீத வாத்தியாருக்கு ராகத்தைக் காட்டினால் மற்றது தானா நடக்கும். என்னவளே போடுங்கோ, கேதாரம், உன்னிகிருஷ்ணனுக்கு அந்த வருசம் தேசிய விருதே கிடைச்சது. அழகான ராட்சசியே ரீதிகௌளை, கண்ணாமூச்சி ஏனடா நாட்டக்குறிஞ்சி, டூயட் படத்தில மெட்டுப்போடு ஆனந்தபைரவி, அலைபாயுதே கண்ணா சொல்லவே வேண்டாம் ஊத்துக்காடு வேங்கடகவியின்ர கிருதி, கானடா. ஒவ்வொண்டையும் போட முதல் ராகத்தின்ர பேரைச் சொல்லிப் போடுங்கோ, ஆள் நிமிந்து இருப்பார். வவுனியா தாண்ட முதலே ரஹ்மான் ரசிகர் ஆயிடுவார், எனக்கு நம்பிக்கை இருக்கு.


சுருதிப்பெட்டி:

தம்பி வவுனிக்குளம், நீர் சொன்ன பாட்டெல்லாம் எனக்கும் உயிர். ஆனா அந்த வழி பிழைக்கும், ஏனெண்டால் நான் அதே வழியால போய் அடிபட்டனான். கிளிநொச்சியில சங்கீதம் படிப்பிக்கிறன், என்ர அப்பாவும் குளத்தடியின்ர பெரியப்பா மாதிரித்தான். "அப்பா இது ரீதிகௌளை, கேளுங்கோ" எண்டு அழகான ராட்சசியே போட்டன். ரெண்டு நிமிசம் போகேல்ல, "இந்த இடத்தில இந்தப் பிடி வராது பிள்ளை" எண்டு நிப்பாட்டச் சொல்லிட்டார். ராகத்தின்ர பேரைச் சொன்ன உடன அவையள் கேக்கிற ஆளில்லை, சோதினை வைக்கிற ஆள். பாலமுரளி பாடின ரீதிகௌளையைக் காதுக்குள்ள வைச்சிருக்கிற மனிசன் ஒரு சினிமாப் பாட்டுக்குள்ள அதைத் தேடினால் குறைதான் தெரியும், அது பாட்டின்ர பிழையும் இல்லை அவற்ற பிழையும் இல்லை.

நான் பிறகு யோசிச்சன், ரஹ்மானில எங்களுக்குப் பழக்கமில்லாதது என்ன எண்டு. கச்சேரியில நிரவல் செய்யேக்க சாகித்தியம் ஒரே வரி, மேல அதைப் பாடுற விதம், அதான் சங்கதி, மாறிக்கொண்டே போகும், கீழ தம்புரா அசையாமல் நிக்கும். ரஹ்மான் இதை மறுவளமாச் செய்யிறவர். மேல வரியும் மெட்டும் அப்பிடியே நிக்கும், கீழ இருக்கிறது மாறும். பல்லவி முதல் தரம் வரேக்க ஒரு பேஸ் கிட்டார் மட்டும் நடந்துகொண்டிருக்கும், அடுத்த தரம் வயலின் கூட்டம் வந்து சேரும், பிறகு கோரஸ். அந்த பேஸ் ஒரு சுரம் இறங்கினால் போதும், மேல பாடுறவர் பிடிச்சிருக்கிற அதே பஞ்சமம் வேற நிறமாக் கேக்கும். பாடகர் ஒண்டும் மாத்தேல்ல, ஆனா எங்களுக்கு மனசு மாறுது. எங்கட காது எப்பவும் மேல் வரியை மட்டும் பிடிச்சுக்கொண்டு போகப் பழகினது, அதாலதான் சங்கீதக்காரருக்கு இந்தப் பாட்டுகள் "ஒரே வரி திரும்பத் திரும்ப" எண்டு தெரியிறது. "பெரியப்பா, இந்த ஒரு பாட்டுக்குப் பாடுறவரைக் கேக்காதீங்கோ, கீழ என்ன நடக்குது எண்டு கேளுங்கோ" எண்டு ஒருக்காச் சொன்னால் போதும். வயலின்காரர், பிடிச்சிடுவார்.

முதல் பாட்டு ராசாத்தி போடுங்கோ. 1993 இல வந்த திருடா திருடா படம். சாகுல் ஹமீத் பாடினது, வாத்தியமே இல்லை. கீழ தாளம் மாதிரி வாறதும் குரல், சுருதி மாதிரி நிக்கிறதும் குரல். மெசின் வாசிக்குது எண்டு சொல்லுற மனிசனுக்கு மனிசக் குரலைத் தவிர ஒண்டுமே இல்லாத பாட்டைப் போடுறதை விட நல்ல பதில் எனக்குத் தெரியேல்ல. ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாடுற பாட்டு, எங்கட சனத்துக்குப் புதுசே இல்லை, அந்த இழுவை முள்ளியவளையிலயும் இருக்கு.

பிறகு இருவர் படத்தின்ர நறுமுகையே. உன்னிகிருஷ்ணனும் பம்பாய் ஜெயஸ்ரீயும். ராகம் சொல்லாதீங்கோ! நாட்டையோ கம்பீரநாட்டையோ எண்டு அவரே முடிவெடுக்கட்டும். கோயில் திருவிழாவில சாமி வெளிக்கிடேக்க நாதஸ்வரத்தில மல்லாரி வாசிக்கிறது கம்பீரநாட்டையிலதான், வருசா வருசம் அதைக் கேட்ட காதுக்கு முதல் வரியிலயே ஏதோ ஒண்டு தட்டும். சாகித்தியத்திலயும் "அற்றைத் திங்கள் அந்நிலவில்" எண்டு புறநானூற்றில பாரிமகளிர் பாடினது வருது, யாயும் ஞாயும் குறுந்தொகையும் வருது. தமிழ் தெரிஞ்ச மனிசன் விடமாட்டார்.

இன்னுமொண்டு. ரஹ்மானுக்குப் பாடினாக்கள் கனபேர் பேட்டியளில சொல்லியிருக்கினம், மெட்டைச் சொல்லித் தந்திட்டு இனி உங்கட பாட்டுக்குப் பாடுங்கோ எண்டு விட்டிடுவாராம், கனவிதமாப் பாட வைச்சுப் பதிஞ்சு பிறகு இருந்து பொறுக்கிக் கோப்பாராம். அது மனோதர்மம்தானே, பாடுறவர் அந்த நேரத்துக்குத் தானாக் கற்பனை பண்ணிப் பாடுறது, என்ன, மேடையில இல்லாமல் ஸ்டூடியோவில நடக்குது. இதையும் சொல்லி வையுங்கோ, ஆனா பாட்டுப் போகேக்க இல்லை.


வவுனிக்குளம்:

அக்கா சொன்னதைப் பாத்து ராசாத்தியைத் திரும்பப் போட்டுக் கேட்டன், இவ்வளவு நாளும் அதில வாத்தியம் இல்லை எண்டதே நான் கவனிக்கேல்ல. சரி ராகம் சொல்ல வேண்டாம், ஒத்துக்கொள்ளுறன். ஆனா அலைபாயுதே கண்ணாவை விடாதீங்கோ அண்ணை, அது அவற்ற சொந்தச் சொத்து.


சுருதிப்பெட்டி:

அதுதான் தம்பி பயமே. சொந்தச் சொத்தில கை வைச்சால்தான் கோவம் கூட வரும். கடைசியாப் போடட்டும், இல்லாட்டிப் போடாமலே விடட்டும்.


ஒட்டுசுட்டான் தவில்:

அக்கா பிரமாதமாச் சொல்லிட்டா, நான் ரெண்டு மூண்டு மட்டும் சேக்கிறன். டூயட், 1994. அதில சாக்சபோன் வாசிச்சது கத்ரி கோபால்நாத். அவற்ற தகப்பன் நாதஸ்வர வித்துவான், இவர் மைசூர் அரண்மனை பாண்டில சாக்சபோனைக் கண்டு மயங்கி அந்த வெள்ளைக்கார வாத்தியத்தில கமகம், அதான் எங்கட சங்கீதத்தின்ர சுர அசைவு, வரவைச்ச மனிசன். திருச்சி வானொலி கேட்டவருக்கு ஆளைக் கட்டாயம் தெரியும். அந்தப் படத்தில சாக்சபோன் துண்டு துண்டா வரும், பாட்டைப் போடாட்டிலும் அந்தத் துண்டுகளைப் போடுங்கோ. எங்கட ஆக்களுக்கு நாதஸ்வரம் எண்டால் தனி இளக்கம், அந்த வழியால போனால் கதவு திறக்கும்.

அடுத்தது சங்கமம், 1999. கதையே பரதநாட்டியத்துக்கும் கிராமத்து ஆட்டத்துக்கும் நடக்கிற இழுபறிதான். நித்யஸ்ரீ பாடின சௌக்கியமா கண்ணே இருக்கு, டி.கே.பட்டம்மாளின்ர பேத்தி எண்டு சொன்னால் பெரியப்பா காது குடுப்பார். மழைத்துளி மழைத்துளி ஹரிஹரனோட எம்.எஸ்.விஸ்வநாதன் பாடினது.

ஹிந்திப் பாட்டுக் கேக்க மாட்டார் எண்டு நினைக்காதீங்கோ. 2009 இல வந்த டெல்லி 6 எண்ட படத்தில போர் பயே எண்டு ஒண்டு இருக்கு, உஸ்தாத் படே குலாம் அலி கானின்ர பழைய பதிவை எடுத்து, அதோட ஷ்ரேயா கோஷலைப் பாட வைச்சிருக்கிறார், குஜரி தோடி ராகம். செத்துப் போன மகா வித்துவானுக்குப் பக்கத்தில ஒரு பிள்ளையை இருத்திப் பாட வைச்ச மாதிரி. நான் அதை முதல் தரம் கேட்ட அண்டு தவிலைத் தொடேல்ல.


நெடுங்கேணி:

நடைமுறை விசயம் ரெண்டு மூண்டு சொல்லுறன். வானின்ர ஸ்பீக்கரைப் பின்னுக்கு மட்டும் விடாதீங்கோ, ஹயஸ் வானில பின் ஸ்பீக்கர் பேஸ் மட்டும் குத்தும், அப்ப அவர் சொன்ன மெசின்தான் கேக்கும். பேஸைக் குறைச்சு அவரை முன் சீற்றில இருத்துங்கோ. வடநாட்டுப் பாடகர்கள் பாடின தமிழ்ப்பாட்டுகள் முதல் நாள் வேண்டாம், ழகரமும் ளகரமும் பிழைச்சால் எங்கட பழைய வாத்திமார் அந்தப் பாட்டை அங்கயே விட்டிடுவினம், பிறகு இசை எவ்வளவு நல்லா இருந்தும் பிரயோசனமில்லை.

அதோட ஒரே நேரம் கனக்கப் போடாதீங்கோ. ரஹ்மான் ஒரே மாதிரி ஆள் இல்லை. கிழக்குச் சீமையிலே, கருத்தம்மா எண்டு கிராமம், இருவர் படத்துக்குள்ளயே பழைய காலத்து மெட்டும் இருக்கு ஜாசும் இருக்கு, எந்திரன் முழுக்க மின்சாரம், குன் ஃபாய குன் எண்டு தர்காவில இருந்து பாடுற கவ்வாலி. இதெல்லாம் அடுத்தடுத்து வந்தால் கேக்கிறவருக்கு ஒரு ஆள் செய்தது எண்டே நம்பிக்கை வராது, தலை சுத்தும். நாலு பாட்டு, பிறகு லால்குடி, பிறகு நாலு பாட்டு. அவற்ற வீட்டுக்கு அவர் இடைக்கிடை போய்வரட்டும்.

குன்னக்குடி வைத்தியநாதனுக்கு ரஹ்மான் இளவயசில கீபோர்ட் வாசிச்சவர். வயலின்காரருக்கு இதைச் சொல்ல மறக்காதீங்கோ.


கனகராயன்:

ஒண்டு மட்டும் சொல்லுறன் குளத்தடி. கன்னத்தில் முத்தமிட்டால் படத்துப் பாட்டுகளைப் பென்ட்ரைவில போட்டால் ஊரை விட்டுப் போற சனம் பாடுற விடை கொடு எங்கள் நாடேயை வேற ஃபோல்டரில வையுங்கோ, தானா ஓட விடாதீங்கோ. அந்தப் பாட்டிலயும் எம்.எஸ்.வி.தான் பாடுறார், இசையா எடுத்தால் ரஹ்மான் செய்ததுகளில எனக்கு மேலான பாட்டு அது, அந்தப் படத்துக்குத்தான் அவருக்குத் தேசிய விருதும் கிடைச்சது. ஆனா படத்தில வாற தத்துப்பிள்ளையின்ர பெத்த தாயின்ர ஊர் மாங்குளம். படம் இங்க எடுத்ததில்லை, பேர் எங்கட பேர். நீங்கள் போறதும் மாங்குளத்தால. படம் 2002 இல வந்தது, அதுக்குப் பிறகு எங்களுக்கு நடந்தது அந்தப் பாட்டை விடப் பெரிசு. என்ர அம்மா அதை ஒருக்காக் கேட்டிட்டு ரெண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. பெரியப்பா வயலினை விட்டிட்டு வந்த மனிசன். அவர் கேட்டால் போடுங்கோ, கேக்காட்டி வேண்டாம்.


குளத்தடி:

கனகராயன், சரியான நன்றி. நான் அதை முதல் பத்துக்குள்ள வைச்சிருந்தனான். எடுத்திட்டன்.


குளத்தடி:

போயிட்டு வந்திட்டம். ஒபரேசன் நல்லபடியா முடிஞ்சுது, சொட்டு மருந்து போகுது. கேட்டிருந்தாக்களுக்காக என்ன நடந்தது எண்டு எழுதுறன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டது, வவுனியா தாண்டும் வரைக்கும் நித்திரை. மதவாச்சியில தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறினாப் பிறகு ஒண்டும் சொல்லாமல் ராசாத்தியைப் போட்டன். முதல் பேசாமல் இருந்தார். பாதியில "வாத்தியம் எங்க?" எண்டு கேட்டார். இல்லைப் பெரியப்பா எண்டன். "திரும்பப் போடு." மூண்டு தரம் போட வைச்சார், மூண்டாந்தரம் கண்ணை மூடிக்கொண்டு "கீழ நிக்கிறவன் ஒருத்தன் அசையுறானில்லை, அவன்தான் பாட்டைப் பிடிச்சிருக்கிறான்" எண்டார். சுருதிப்பெட்டி அக்கா, நீங்கள் சொல்லச் சொன்னதை நான் சொல்லத் தேவைப்படேல்ல.

நறுமுகையேக்கு இடது கை விரல் நாலும் துடையில சுரம் பிடிச்சுக்கொண்டிருந்தது. நான் கனவருசத்துக்குப் பிறகு அதைக் கண்டன், றைவர் தம்பி ஏதோ கதைக்க வர சைகை காட்டி நிப்பாட்டினன். பாட்டு முடிய "மல்லாரி கேட்டிட்டு வந்து போட்டிருக்கிறான்" எண்டார். பிறகு கனநேரம் தாளத்தைப் பற்றித் தனக்குள்ளயே கணக்குப் போட்டார்.

எல்லாம் பிடிச்சது எண்டு சொன்னால் பொய். என்னவளேக்கு கேதாரம் எண்டு உடன சொன்னார், "குரல் நல்லா இருக்கு, பாட்டுச் சினிமா" எண்டு முடிச்சிட்டார். இருவரில வாற ஜாஸ் பாட்டு அரை நிமிசம் கூட ஓட விடேல்ல, எந்திரனுக்கு ஸ்பீக்கரைத் தானே குறைச்சார். அலைபாயுதே போடேல்ல, அக்கா சொன்னபடி பயந்திட்டன். டூயட் போட்டன். கத்ரி கோபால்நாத்தை அவருக்கு நல்லாத் தெரியும், தெரியாதது அவர் சினிமாவுக்கு வாசிச்சவர் எண்டது. "அவரைக் கூப்பிட்டு வாசிக்க வைச்சவனோ இவன்?" எண்டு கேட்டார், அதுக்குப் பிறகு ரஹ்மானை "அவன்" எண்டு சொல்லேல்ல, "அவர்" எண்டுதான் சொன்னார். போர் பயேயைக் கேட்டிட்டு ஒண்டும் சொல்லேல்ல, ஆனா ஆஸ்பத்திரியில காத்திருக்கேக்க "அந்த உஸ்தாதின்ர பழைய பிளேட் முழுசா யூரியூப்பில இருக்குமோ?" எண்டு கேட்டார். தேடி எடுத்துக் குடுத்தன், ஹெட்போனோட இருந்தவர் பேர் கூப்பிட்டது கேக்கேல்ல.

புத்தளம் வரேக்க விடியத் தொடங்கிச்சுது. அப்பதான் பம்பாய் தீம் போட்டன், நவீனின்ர குழல். உங்கள் ஒருத்தரும் அதைச் சொல்லேல்ல, நான் எனக்காகப் போட்டனான். ரோட்டைப் பாத்துக்கொண்டே இருந்தார். முடிஞ்சதும் அடுத்த பாட்டு வரேக்க கையை நீட்டி நிப்பாட்டினார். சிலாபம் மட்டும் வானுக்குள்ள ஒரு சத்தமும் இல்லை.

திரும்பி வரேக்க ஒரு கண்ணில கட்டு. மழைத்துளி போனது, எம்.எஸ்.வி. ரஹ்மானுக்குப் பாடினதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார், வேற ஏதும் பாடியிருக்கிறாரோ எண்டு கேட்டார். ஓம், ஊரை விட்டுப் போற சனத்தைப் பற்றி ஒரு பாட்டு இருக்கெண்டு சொன்னன். அப்ப ஓமந்தை கழிஞ்சிருந்தது. கொஞ்சம் யோசிச்சிட்டு "அது வீட்டை போய்க் கேப்பம்" எண்டார். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் எல்லாம் ரேடியோ நிப்பாட்டியே வந்தம். இன்னும் அதைக் கேக்கேல்ல, நானும் எடுக்கேல்ல.

ஒரு மாதத்தால திரும்பக் கிளினிக் போகவேணும். நேற்றுச் சாப்பிடேக்க, "அண்டைக்கு விடியப்பறம் போட்ட குழல் மாதிரி வேறயும் இருக்கோ, பாட்டு வேண்டாம் வாத்தியம் மட்டும்" எண்டு தானாக் கேட்டார். என்னட்ட கனக்க இல்லை. தெரிஞ்சாக்கள் குழல், வயலின், வீணை எது எண்டாலும் படத்தின்ர பேரோட போடுங்கோ, புதுப் பென்ட்ரைவ் வாங்கிட்டன்.